தடா தாண்டினா வேற வரி

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் ரெண்டு தடவை சொன்னதையும் எடுத்துட்டு, மத்ததை அப்படியே விட்டிருக்கோம்.

திருவொற்றியூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் வேலை பார்த்தவர். இப்போ ஸ்ரீசிட்டியில வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் எல்லாம் தாண்டி ஆந்திராவுக்குள்ள போய் வேலை பார்த்துட்டு, ராத்திரி திருவொற்றியூருக்குத் திரும்பி வர்றார். அவர் கேட்டது சின்னக் கேள்வி. "எண்ணூர்ல இருந்தப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா 1250 ரூபாய் 'பி.டி'ன்னு பிடிச்சாங்க. இங்க மாசா மாசம் 200 பிடிக்கிறாங்க. நான் குடியிருக்கிறது அதே வீடுதான். அப்போ நான் எந்த ஊருக்கு வரி கட்டுறேன்?"

நல்ல கேள்வி. பே ஸ்லிப்ல பி.எஃப். என்னன்னு நமக்குத் தெரியும், டி.டி.எஸ். என்னன்னு நல்லாவே தெரியும், வலிக்கும். இந்த பி.டி. மட்டும் ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கும். தொகை சின்னது, அதனால யாரும் கேக்குறதில்ல. ஆனா இந்தியாவுல வேலை பார்க்கிற ஊருக்கே நேரா போற ஒரு வருமான வரின்னு ஒன்னு இருக்குன்னா அது இதுதான். தமிழ்ல தொழில் வரி. இதோட கதை, மாநில எல்லையோட கதையும் கூட.

முதல்ல ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடலாம். வருமான வரி போடுற அதிகாரம், விவசாய வருமானம் தவிர, மத்திய அரசுக்குத்தான். மாநகராட்சியோ ஊராட்சியோ "உன் சம்பளத்துல எனக்கு இத்தனை சதவீதம் கொடு"ன்னு கேட்க முடியாது. ஆனா அரசியலமைப்பு 276-வது பிரிவு ஒரு பின்வாசலைத் திறந்து வெச்சிருக்கு. தொழில், வணிகம், வேலை இவற்றின் மேல மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடலாம். அது வருமானத்தைத் தொடுதுங்கிற ஒரே காரணத்துக்காகச் செல்லாதுன்னு சொல்லக் கூடாது. அதே மூச்சுல ஒரு பூட்டும் போட்டிருக்கு: ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2500 ரூபாய்க்கு மேல கூடாது. இந்தப் பூட்டு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அதுக்கு வர்றேன்.

தொழிலுக்கு வரி போடுறது நம்ம ஊருக்குப் புதுசில்ல. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிச்சா தறி இறை, செக்கு இறை, தட்டார் பாட்டம், வண்ணாரப் பாறைன்னு வரிப் பேர்கள் வரிசையா வரும். வண்ணாரப் பாறைன்னா சலவைத் தொழிலாளி துணி துவைக்கிற கல்லுக்கு வரி. யோசிச்சுப் பாருங்க, ராயபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற வண்ணாரப்பேட்டை, துணி வெளுக்கிறவங்க குடியேறினதால வந்த பேர்.

கம்பெனிக்காரங்க காலத்துல இது 'மொதர்பா'ன்னு ஒரு வரியா இருந்துச்சு. நெசவாளர், தச்சர், கொல்லர், சின்ன வியாபாரின்னு கையில கருவி வெச்சுப் பொழைக்கிற யாரையும் அது விடல. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்ன நின்னு நடத்தின சென்னைச் சுதேசி சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு பெரிய மனு அனுப்பினாங்க. அதுல இருந்த புகார்கள்ல மொதர்பாவும் ஒன்னு. ஏழையோட கருவிக்கு வரி, பணக்காரனோட வருமானத்துக்கு வரி இல்லை. இந்தச் சண்டை அப்பவே தொடங்கிடுச்சு.

1857 கலகத்துக்கு அப்புறம் அரசாங்கத்தோட கஜானா காலி. 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தார். அப்போ சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். அவருக்கு இது சுத்தமா பிடிக்கல. எதிர்த்துக் குறிப்பு எழுதினார், அது வரைக்கும் சரி. அந்தக் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துட்டார்! ஒரு மாகாண கவர்னர், தன் மேல இருக்கிற அரசாங்கத்தோட பட்ஜெட்டைப் பேப்பர்ல திட்டுறார். லண்டன் அவரைத் திருப்பி அழைச்சுக்கிச்சு. ஆனா ஆள் லேசுப்பட்டவர் இல்ல. சில வருஷத்துலயே இந்தியாவோட நிதி உறுப்பினராத் திரும்பி வந்தார். அவர் அந்த நாற்காலியில இருக்கும்போதுதான், 1865-ல், அந்த வருமான வரி காலாவதியாச்சு. சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினவரும் இவர்தான். கும்மிடிப்பூண்டி லோக்கல் புறப்படுற மூர் மார்க்கெட் வளாகம் இருக்கிறது அந்தப் பூங்கா நிலத்துல.

வருமான வரி இப்படி வந்து போய்க்கிட்டு இருக்கும்போது, மொதர்பா 1860-களின் தொடக்கத்துல மறைஞ்சுது. ஆனா தொழில் மேல வரிங்கிற யோசனை சாகல. அது நகராட்சிச் சட்டங்களுக்குள்ள குடி புகுந்துச்சு. ரோடு போடணும், விளக்கு ஏத்தணும், குப்பை அள்ளணும், அதுக்கு ஊர்ல சம்பாதிக்கிறவன் ஒரு பங்கு கொடுக்கணும். 1856-ல் ராயபுரத்துல இருந்து ஆற்காடு பக்கம் வாலாஜா வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் ரயில் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு ஊர்ல தூங்கி இன்னொரு ஊர்ல சம்பாதிக்கிறதுங்கிற வாழ்க்கை மெதுவா உருவாகுது. அப்போ வரி தூங்குற ஊருக்கா, சம்பாதிக்கிற ஊருக்கா?

இந்தக் கேள்விக்கு 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் சொன்ன பதில் எனக்கு ஒரு அழகான கோட் மாதிரித் தெரியுது. அரையாண்டு அரையாண்டா கணக்கு. அந்த அரையாண்டுல நீ எங்க ஊர் எல்லைக்குள்ள மொத்தமா 60 நாளாவது தொழில் பண்ணியிருந்தாலோ, வேலையில இருந்தாலோ, வரி எங்களுக்கு. நடுவுல வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டா? அதே அரையாண்டுக்கு மாகாணத்துல இன்னொரு உள்ளாட்சிக்கு ஏற்கெனவே தொழில் வரி கட்டிட்டேன்னு ரசீது காட்டு. புது ஊர் உன்கிட்ட வித்தியாசத்தை மட்டும்தான் கேட்கும். அதாவது ஒரே சம்பளத்துக்கு ரெண்டு ஊர் முழுசா வரி வாங்க முடியாது. எட்ஜ் கேஸை யோசிச்சு எழுதியிருக்காங்க. நம்ம ஆபீஸ்ல கோட் ரிவ்யூ பண்றவங்க பாதிப்பேர் இவ்வளவு யோசிக்கிறதில்ல.

இதுல 'மாகாணத்துல'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. 1920-ல் நெல்லூரும் மெட்ராஸ் மாகாணம், திருநெல்வேலியும் மெட்ராஸ் மாகாணம். நெல்லூர்ல வேலை பார்த்த ஒரு குமாஸ்தா நடு வருஷத்துல மெட்ராஸ் துறைமுகத்துக்கு மாத்தலாகி வந்தா, நெல்லூர் ரசீது இங்க செல்லும்.

இப்போ பூட்டுக்கு வர்றேன். 1937-ல் மாகாணங்கள்ல காங்கிரஸ் ஆட்சி வருது. உத்தரப் பிரதேசத்துல, அன்னைக்கு ஐக்கிய மாகாணம், கோவிந்த் வல்லப் பந்த் தலைமையிலான அரசு 1939-ல் வேலை வரின்னு ஒன்னு கொண்டு வர்றாங்க. குறி அதிகச் சம்பளக்காரங்க. அந்தக் காலத்துல அரசாங்கத்துல அதிகச் சம்பளம் யாருக்குன்னா வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. மாகாணச் சட்டமன்றம் கலெக்டரோட பாக்கெட்டுலயே கை வைக்குது! தொழில், வேலை மேல வரி போடுற அதிகாரம் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி மாகாணப் பட்டியல்லதான் இருக்கு. ஆனா இதை விட்டா, வேலை வரிங்கிற பேர்ல மாகாணங்கள் வருமான வரியே போட்டுடுமேன்னு பிரச்சினை கிளம்புச்சு.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் என்ன பண்ணுச்சு? 1940-ல் அந்த 1935 சட்டத்துல 142-ஏ பிரிவைச் செருகினாங்க. தொழில் வரி செல்லும், வருமானத்தைத் தொட்டாலும் செல்லும், ஆனா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 50 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. ஏற்கெனவே அதைவிட அதிகமா வாங்கிட்டு இருந்த இடங்களுக்கு மட்டும் சலுகை. பூட்டு போட்டது இப்படித்தான். உயர்ந்த சம்பளக்காரங்களைப் பாதுகாக்க வந்த ஏற்பாடு அது. இன்னைக்கு நம்ம பே ஸ்லிப்ல உட்கார்ந்திருக்கிற 1250 ரூபாய், 1939-ல் லக்னோவுல நடந்த ஒரு சண்டையோட பேரப்பிள்ளை. வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு உத்தரப் பிரதேசத்துல தொழில் வரியே கிடையாது. அங்கிருந்து ரயிலேறி எண்ணூருக்கு வெல்டிங் வேலைக்கு வர்ற பையன், வாழ்க்கையில முதல் தொழில் வரியை இங்கதான் கட்டுறான்.

சுதந்திரம் வந்துச்சு, அரசியலமைப்பு எழுதினாங்க, 142-ஏ கிட்டத்தட்ட அப்படியே 276-ஆ மாறுச்சு. பூட்டு 50-ல இருந்து 250 ஆச்சு. அவ்வளவுதான் மாற்றம்.

அதுக்கடுத்து நடந்தது வரிச் சட்டத்துல இல்ல, வரைபடத்துல. 1952 டிசம்பர்ல மயிலாப்பூர்ல உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு இறந்தார். 1953 அக்டோபர் 1 அன்னைக்கு ஆந்திர மாநிலம் பிறந்துச்சு. நெல்லூர் ஒரே ராத்திரியில வேற மாநிலம். வடக்கு எல்லைக்காக ம.பொ.சி. போராடினது தெரிஞ்சிருக்கும், திருத்தணி நமக்கு வந்த கதையும் தெரிஞ்சிருக்கும். அதுல நாம பொதுவா பேசாத ஒரு பாதி இருக்கு. படாஸ்கர் கொடுத்த தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் 1 அன்னைக்கு திருத்தணி இந்தப் பக்கம் வந்தப்போ, செங்கல்பட்டு மாவட்டத்தோட வடக்கு ஓரத்துல, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்கள்ல இருந்து ஒரு துண்டு அந்தப் பக்கம் போச்சு. அந்தத் துண்டுதான் சத்தியவேடு பகுதி.

ஸ்ரீசிட்டி எங்க இருக்கு? சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்கள்ல. அதாவது நம்ம நேயர் கம்பெனி பஸ்ல போய் இறங்குற வட்டாரம் 1960 மார்ச் 31 வரைக்கும் அவர் வீடு இருக்கிற அதே செங்கல்பட்டு மாவட்டத்தோட தொடர்ச்சி. அவரோட தாத்தா காலத்துல அந்தப் பயணத்துக்கு மாநிலம் தாண்டுறதுன்னு பேர் கிடையாது.

2008-ல் ஸ்ரீசிட்டி தொடங்கின பிறகு இந்தக் கோட்டுக்குத் திடீர்னு மதிப்பு வந்துச்சு. சென்னையில இருந்து சுமார் 55 கிலோமீட்டர். துறைமுகங்கள் தமிழ்நாட்டுல, எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை மூணும் பக்கம். நிலமும் சலுகையும் ஆந்திராவுல. ஆட்கள் ரெண்டு பக்கமும். இசுசு மாதிரி கார் கம்பெனி, ஃபாக்ஸ்கான் மாதிரி எலக்ட்ரானிக்ஸ்னு வரிசையா வந்தாங்க. சூலூர்பேட்டை வரைக்கும் போற லோக்கல் ரயில்ல ஏறிப் பாருங்க. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்னு ஆள் ஏறிக்கிட்டே இருக்கும். தடாவுல ஒரு கூட்டம் இறங்கும். ரயிலுக்கு எல்லை தெரியாது, சம்பளக் கணக்கு போடுற சாஃப்ட்வேருக்குத் தெரியும்.

இப்போ ரெண்டு பக்கத்துக் கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுல தொழில் வரி உள்ளாட்சியோடது. 1998-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்போ இருக்கிற அமைப்பு வந்துச்சு. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்னு. அரையாண்டு வருமானம் 21,000 வரை இருந்தா வரி இல்லை. அதுக்கு மேல படிப்படியா ஏறி, 75,000 தாண்டினா 1250 ரூபாய். அங்கேயே நிக்கும். ஏன்னா ரெண்டு அரையாண்டு சேர்ந்தா 2500, பூட்டு.

ஆந்திராவுல 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது மாநில அரசோட வரி. வணிகவரித் துறை வசூலிக்குது. மாசச் சம்பளம் 15,000 வரை வரி இல்லை. 20,000 வரை 150 ரூபாய். அதுக்கு மேல 200.

இதை வெறும் எண்ணாப் பார்த்தா ஒன்னும் தோணாது. ஒரு ஆளைப் போட்டுப் பார்ப்போம். கான்ட்ராக்ட்ல மாசம் 13,000 வாங்குற ஒரு ஹெல்பர். எண்ணூர்ல வேலை பார்த்தா அரையாண்டுக்கு 78,000. அதாவது உச்சப் படி. வருஷத்துக்கு 2500 ரூபாய், அவர் சம்பளத்துல 1.6 சதவீதம். அதே 13,000-க்கு எல்லை தாண்டி வேலை பார்த்தா? பூஜ்யம். ஒரு ரூபாய்கூட இல்லை.

இப்போ என்னை மாதிரி ஐ.டி. ஆட்களை எடுங்க. மாசம் 2 லட்சம் வாங்குற ஒரு சீனியர் இன்ஜினியர் சென்னையில கட்டுறது அதே 2500. சதவீதமாப் பார்த்தா 0.1. ஹெல்பரோட சுமை அவரோடதைவிட 15 மடங்கு. 1852-ல் மனு எழுதினவங்க இதைப் பார்த்தா, பேரை மட்டும் மாத்திட்டீங்களேன்னு கேட்பாங்க.

இதுல தமிழ்நாடு அரசையோ மாநகராட்சியையோ மட்டும் குத்தம் சொல்ல முடியாது, முழுசா இல்லை. மேல் முனையை இழுக்க முடியாதபடி அரசியலமைப்பு பூட்டியிருக்கு. அப்போ கூடுதல் பணம் வேணும்னா கீழ்ப் படிகள்லதான் கை வைக்க முடியும். 2024-ல் சென்னை மாநகராட்சி அதைத்தான் பண்ணுச்சு. கீழ்ப் படிகள்ல வரி சுமார் 35 சதவீதம் வரை ஏறுச்சு, 1250 மட்டும் அசையல. ஆனா படிகளோட எல்லையை உயர்த்துறது நம்ம கையிலதான் இருக்கு. 1998-ல் மாசம் 12,500 நல்ல சம்பளம். இன்னைக்கும் அதையே உச்சப் படின்னு வெச்சிருக்கிறதுக்கு எந்தப் பூட்டும் காரணம் இல்ல. இது என் கருத்து, மாத்துக் கருத்து இருந்தா எழுதுங்க.

பணம் எங்க போகுதுங்கிறதுலதான் தமிழ்நாட்டு முறை ஜெயிக்குதுன்னு நான் நினைக்கிறேன். வேலை நடக்கிற ஊருக்கே போகுது. வடசென்னையில இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. எண்ணூர்ல 1948-ல் அசோக் மோட்டார்ஸா தொடங்கி அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை, திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி, 1970-ல் வந்த எண்ணூர் அனல் மின் நிலையம்... இங்க வேலை பார்த்தவங்களோட தொழில் வரி அப்போ கத்திவாக்கம், திருவொற்றியூர் நகராட்சிகளுக்குப் போச்சு. தனி நகராட்சிகள். புகையும் சாம்பலும் அவங்களுக்கு, வரியும் அவங்களுக்கு. 2011-ல் ரெண்டும் சென்னை மாநகராட்சியோட சேர்ந்தாச்சு. இப்போ எண்ணூர்ல கட்டுற வரி ரிப்பன் மாளிகையோட பொதுக் கணக்குல சேருது. அதுல எவ்வளவு எண்ணூருக்கே திரும்புதுன்னு கேட்கிறது அந்த வார்டுக்காரங்க உரிமை.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டினா கணக்கு மறுபடியும் மாறுது. வடசென்னை அனல் மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், 2001-ல் தொடங்கின எண்ணூர்த் துறைமுகம், இப்போ காமராஜர் துறைமுகம்... அந்தப் பக்கம் மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிகள். ஊராட்சிகளுக்கும் தொழில் வரி வாங்குற உரிமை இருக்கு. திருவொற்றியூர்ல குடியிருக்கிற ஒருத்தர் காட்டுப்பள்ளியில வேலை பார்த்தா, அவர் வரி ஊராட்சிக்கு. அவர் வீட்டுக் குப்பையை அள்ளுறது மாநகராட்சி. மாநில எல்லை வரைக்கும் போக வேண்டாம், ஒரு ஆத்தைத் தாண்டினாலே இந்தச் சிக்கல் வந்துடுது. ஆனா தமிழ்நாட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் பழைய ரசீது விதி காப்பாத்தும்.

மாநிலம் தாண்டினா அது இல்லை. இதுதான் நேயரோட கேள்விக்கு உள்ளே இருக்கிற உண்மையான கேள்வி. 276-வது பிரிவை நிதானமாப் படிச்சா, 2500-ங்கிற உச்சவரம்பு ஒரு ஆள் ஒரு மாநிலத்துக்கோ, அதுல இருக்கிற ஏதாவது ஒரு உள்ளாட்சிக்கோ கட்டுறதுக்கு. நாடு முழுக்க சேர்த்து இல்லை. ரெண்டு மாநிலத்துல ஒரே வருஷத்துல வேலை பார்த்தா ரெண்டு கணக்கு.

உதாரணம் போடுறேன். மாசம் 30,000 வாங்குற ஒரு டெக்னீஷியன். ஏப்ரல், மே, ஜூன் எண்ணூர்ல. மூணு மாசத்துலயே 90,000, உச்சப் படியைத் தாண்டியாச்சு. கணக்கு முடிக்கும்போது கம்பெனி 1250 பிடிக்குது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஸ்ரீசிட்டியில, மாசம் 200 வீதம் 600. அந்த ஆறு மாசத்துக்கு மொத்தம் 1850. ஆறு மாசமும் எண்ணூர்ல இருந்திருந்தா 1250. ஆறு மாசமும் ஸ்ரீசிட்டியில இருந்திருந்தா 1200. ரெண்டு பக்கமும் விதியை மீறல. விதிகள் ஒன்னோட ஒன்னு பேசிக்கல, அவ்வளவுதான். 1920-ல் நெல்லூர் ரசீதை மெட்ராஸ் ஒத்துக்கிச்சுன்னு சொன்னேன் இல்லையா? இன்னைக்கு ஒரு மாநிலத்து ரசீதைக் காட்டி இன்னொரு மாநிலத்துல வரியைக் கழிக்கிற அந்த வசதி இல்லை. மாகாணம் உடைஞ்சப்போ ரயில் பாதை, தண்ணி, தலைநகரம் எல்லாத்தையும் பத்திப் பேசினாங்க. ஒரு குமாஸ்தாவோட ரசீதைப் பத்தி யார் பேசுவாங்க?

600 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சுன்னு கேட்கலாம். ஒரு ஷிப்டுக்கு 500 வாங்குறவருக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல. அதோட, கான்ட்ராக்ட் ஆட்களை மேஸ்திரி இன்னைக்கு இங்க, அடுத்த மாசம் அங்கன்னு மாத்திக்கிட்டே இருக்கிற தொழில் வட்டாரம் இது. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த ஒருத்தர் எந்த ஊராட்சியில போய், எந்த மொழியில ரசீது கேட்பார்?

இது நமக்கு மட்டும் வர்ற தலைவலி இல்லை. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரம் 1939-ல் சம்பளத்து மேல ஒரு நகர வரியைக் கொண்டு வந்துச்சு, தொடக்கத்துல 1.5 சதவீதம். நம்ம லக்னோ சண்டை நடந்த அதே வருஷம். டெலவேர் ஆத்தைத் தாண்டி நியூ ஜெர்சியில குடியிருந்து, ஃபிலடெல்ஃபியாவுல வேலை பார்க்கிறவங்களும் அதைக் கட்டணும். ரெண்டு மாநிலமும் பின்னாடி உட்கார்ந்து பேசி, மாநில வருமான வரியை மட்டும் குடியிருக்கிற மாநிலத்துக்கே கட்டலாம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. நகர வரியை அந்த ஒப்பந்தம் தொடல.

இன்னொரு வழக்கு 2015-ல். மேரிலாண்ட் மாநிலத்துல வருமான வரிக்கு மேல கவுண்டிக்குன்னு ஒரு வருமான வரி உண்டு. வேற மாநிலத்துல சம்பாதிச்சு அங்க வரி கட்டினவங்களுக்கு, கவுண்டி வரியில மட்டும் கழிவு கிடையாதுன்னு வெச்சிருந்தாங்க. வின் தம்பதி வழக்கு போட்டாங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4ங்கிற கணக்குல, இது மாநிலம் தாண்டித் தொழில் பண்றவனுக்குத் தண்டனை, செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. கிட்டத்தட்ட நம்ம 1920 ரசீது விதியை மாநில எல்லைக்கு வெளியிலயும் நீட்டின மாதிரி. நம்ம ஊர்ல தொகை 2500-க்குள்ள இருக்கிறதால யாரும் உச்ச நீதிமன்றம் போக மாட்டாங்க. வக்கீல் ஃபீஸ் முதல் ஹியரிங்லயே அதைத் தாண்டிடும்.

பூட்டு எப்போ திறக்கும்? 250-ல இருந்து 2500 ஆகவே 38 வருஷம் ஆச்சு, 1988-ல் 60-வது அரசியலமைப்புத் திருத்தம். அதுக்கப்புறம் அசையல. 14-வது நிதிக்குழு இதை 12,000 ஆக்குங்கன்னு சொல்லிச்சு. 15-வது நிதிக்குழு 18,000 ஆக்கலாம்னு சொல்லிச்சு. பாராளுமன்றம் திருத்தம் கொண்டு வரல. மகாராஷ்டிரா இந்தப் பூட்டுக்குள்ள கடைசி ரூபாய் வரைக்கும் எடுக்கிறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு: 11 மாசம் 200, பிப்ரவரியில மட்டும் 300. கூட்டிப் பாருங்க, சரியா 2500.

18,000 ஆனா நல்லதான்னு கேட்டா, படிகளை மாத்தாம பூட்டை மட்டும் தூக்கினா மாசம் 13,000 வாங்குற ஹெல்பர் மேல இன்னும் பாரம் ஏறும். படிகளை ஒழுங்கா வெச்சா, எண்ணூர் மாதிரி ஊர்களுக்கு முதல் தடவையா உருப்படியான சொந்த வருமானம் வரும். கூடவே எல்லை தாண்டுறவங்களுக்கு ஒரு கழிவு விதியும் வேணும்; 600 ரூபாயா இருக்கும்போது யாரும் கண்டுக்காத ஓட்டை, தொகை ஏழு மடங்கு ஆகும்போது அப்படி இருக்காது.

கடைசியா, நிறையப் பேர் கேட்ட வொர்க் ஃப்ரம் ஹோம் விஷயம். கொரோனா சமயத்துல என் பே ஸ்லிப்ல மாசா மாசம் கர்நாடகத் தொழில் வரி 200 ரூபாய் பிடிச்சிருந்தாங்க. நான் உட்கார்ந்து வேலை பார்த்தது ராயபுரத்துல, எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல. ஆபீஸ் எந்த மாநிலத்துல பதிவாகியிருக்கோ, உங்க வேலை எந்த ஆபீஸ் பேர்ல இருக்கோ, அங்கதான் கம்பெனிகள் பொதுவா பிடிக்கிறாங்க. வேலை நடக்கிற ஊருக்கு வரிங்கிற நூறு வருஷத் தத்துவப்படி பார்த்தா அந்தப் பணம் சென்னை மாநகராட்சிக்கு வந்திருக்கணும்னு வாதாடலாம். பெங்களூர் சர்வர்லதான் வேலை நடந்துச்சுன்னு அந்தப் பக்கமும் வாதாடலாம். லேப்டாப் இருக்கிற இடமா, சர்வர் இருக்கிற இடமா, நாற்காலி இருக்கிற இடமா... 60 நாள் விதியை எழுதினவங்க மனசுல இருந்தது ஒரு கடையும் ஒரு மேசையும்தான்.

நடைமுறைக்கு ரெண்டு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். பழைய வருமான வரி முறையில இருக்கிறவங்க, கட்டின தொழில் வரியைச் சம்பள வருமானத்துல இருந்து கழிச்சுக்கலாம். புது முறையில அது கிடையாது. நடு வருஷத்துல வேலை மாறுறவங்க, தமிழ்நாட்டுக்குள்ளயே மாறினா, பழைய கம்பெனி பிடிச்ச தொழில் வரி எந்த உள்ளாட்சிக்குக் கட்டப்பட்டுச்சுன்னு கேட்டு, அந்த ரசீதை புது கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட கொடுங்க. செப்டம்பர்லயும் மார்ச்லயும் கேட்டா கிடைக்கும், அதுக்கப்புறம் தேடுறது கஷ்டம். அடுத்த எபிசோடுல மொதர்பா மனுவைப் பத்தித் தனியாப் பேசுவோம். அதுல உப்பு வரி பத்தியும் ஒரு நீளமான கதை இருக்கு.